மோட்டார் சைக்கிளில் பூட்டும் ஜிபிஎஸ் கருவிக்கும் அதன் பாகங்களுக்கும் தமிழ்ச்சொல்

அன்பர்களே,

நான் எழுதிவரும் பூட்டுமுறைக் கையேட்டுக்காக, ஜிபிஎஸ் கருவிக்குச் சொல் கேட்டபோது 'செயற்கைக்கோள் வழிசெலுத்தி' என்று வந்த பரிந்துரையை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. நீளம் என்பது சின்னக் குறைதான். வண்டியைச் செலுத்துவது ஓட்டுபவர், கருவி காட்டத்தான் செய்கிறது. அதைவிட, செயற்கைக்கோளுக்கு வழியே தெரியாது! சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது அனுப்புவதெல்லாம் தான் எங்கே இருக்கிறது, இப்போது என்ன நேரம் என்பதைத்தான். அப்படி நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பாவது கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும், அங்கிருந்து எந்தச் சாலையில் திரும்புவது என்பது உள்ளே இருக்கும் வரைபடத்தையும் மென்பொருளையும் பொறுத்தது. வேலை இரண்டு என்றால் சொல்லும் இரண்டு வேண்டும். இடத்தைக் கண்டறியும் உள்ளுறுப்புக்கு 'இடங்காட்டி' என்று ஏற்கெனவே புழங்குவதே போதும். முழுக் கருவிக்கு 'தடங்காட்டி' என்கிறேன். திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் உடன்பிறப்பு மாதிரியே இருக்கிறது. தடம் என்றால் போகவேண்டிய பாதையும்தான், போய்வந்த சுவடும்தான். இந்தக் கருவிகள் பலவும் வந்த வழியைப் பதிந்து வைக்கின்றன அல்லவா?

அப்புறம், கருவியை வண்டியில் பிடித்து வைக்கும் அமைப்பு. பலரும் 'தாங்கி' என்றீர்கள். அந்தச் சொல் பேரிங்குக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. இந்த அமைப்பில் பல வகைகளில் நடுவே ஒரு பந்து வருகிறது, அதைப் 'பந்துத் தாங்கி' என்று எழுதினால் படிப்பவர் சக்கரத்துக்குள் இருக்கும் பால் பேரிங்கைத்தான் நினைப்பார். ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். ஹேண்டில்பாரைச் சுற்றி இறுக்குவது கவ்வி. பந்து இருக்குமிடம் பந்துக்கிண்ண மூட்டு. தோள்பட்டைக்குப் பள்ளியில் படித்த அதே சொல், வேலையும் அதேதான், வேண்டிய பக்கம் சாய்த்துத் திருப்பி இறுக்கிக்கொள்ளலாம். கருவி உட்காருவது ஏந்தி. இதைக் குறித்து உங்களில் ஒருவர் கேட்டது:

> ஏந்தி என்றால் கையில் தட்டு ஏந்துவது போல மேலே சும்மா வைத்திருப்பதாகப் படுகிறது. அதிர்வில் விழாமல் பிடிக்க வேண்டுமே, 'பற்றி' என்று வைத்தால் என்ன ஐயா?

நியாயமான கேள்வி. ஆனால் கையேட்டில் 'பற்றியைப் பற்றி' என்று ஒரு வரி வந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். பூட்டோடு வரும் வகையைப் 'பூட்டேந்தி' என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

மின்னிணைப்பில்தான் எனக்கு உண்மையான கவலை. ஃபியூஸுக்கு 'உருகி' என்பது நிலைத்துவிட்ட சொல், அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று எழுதினால் முடிந்தது. பேட்டரியிலிருந்து சாவியைச் சாராமல் வருவதை ஒருவர் 'நேரிணைப்பு' என்றார். நேர்முனை, எதிர்முனை என்று அதே பக்கத்தில் எழுதும்போது இது நேர்முனை இணைப்பு என்றுதானே படும்? 'நேரடி இணைப்பு' என்றே விரித்து எழுதுவோம். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருவது 'சாவிவழி இணைப்பு'. இந்த வேறுபாடு புரியாமல் நேரடியாகக் கொடுத்துவிட்டால், வண்டி நிற்கும்போதும் கருவி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பேட்டரி இறங்கிவிடும்.

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் வயர் இழுபடாதபடி விடும் கூடுதல் நீளத்துக்குத் 'தொய்வு' என்று எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாகப் பட்டறையில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.