கற்பனை நாட்டின் தரைப்படை: புதுப்பிப்பு

என் கற்பனைத் தீவு நாட்டுத் தரைப்படைக்கு மூன்று டாங்கி ரெஜிமென்ட்கள் (படைப்பிரிவுகள்) என்று போன வாரம் எழுதியிருந்தேன். "நம்ம தொண்டிக் கரை மாதிரி சேறுன்னா புதைஞ்சிடும் அண்ணே" என்றார் ஒரு தம்பி. சரிதான். நேற்று மூக்கையூர்க் கடற்கரையில் மீன் ஏற்றிய மினி லாரி அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. டயர் காற்றைக் குறைத்து, அடியில் பனைமட்டை திணித்துத்தான் எடுத்தார்கள். டாங்கியின் சங்கிலித் தடம் எடையைப் பரப்பும். ஆனாலும் டி-72 என்ற சோவியத் டாங்கி சுமார் 41 டன்!

ஆகவே ஒரே ரெஜிமென்ட், அதுவும் உள்நாட்டு மேட்டு நிலத்தில். கரைக்கு பிஎம்பி-2 போல நீந்தும் கவச வண்டி: ஏறத்தாழ 14 டன், இயக்க 3 பேர், கூடவே 7 வீரர்கள்.

அப்புறம், பாலம் போடும் பொறியாளர்களுக்கு முழு பட்டாலியன். 1964 புயலில் பாம்பன் பாலம் சிதைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். இதைக் குறைக்க மாட்டேன்.