மாட்டுத்தாவணி காய்கறிக் கழிவை உரமாக்க யோசனை வேண்டும்

வணக்கம். வாடிப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குத் தேங்காய் ஏற்றிப் போகும் டாடா ஏஸ் காலியாகத்தான் திரும்புகிறது. அதில் அங்கே ஒதுக்கித் தள்ளும் முட்டைக்கோஸ் இலை, அழுகிய தக்காளியை ஏற்றி வந்து தோப்பிலேயே மட்க வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

காய்கறிக் கழிவில் ஈரம் அதிகம், தனியாகக் குவித்தால் நாறிவிடும். உரக்குவியலில் கரிமச்சத்து (கார்பன்) 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு இருக்க வேண்டும் என்பார்கள். அதற்குக் கரிமச்சத்தைக் கூட்டத் தென்னை மட்டையைத் தூளாக்கிப் போடலாமா, வைக்கோல் தேவலையா? தென்னைநார்க் கழிவு சும்மாவே கிடைக்கிறது, ஆனால் லேசில் மட்காது.

பெரிய தலைவலி, கழிவோடு வரும் பிளாஸ்டிக் சாக்கு நூலும் கீரைக்கட்டு ரப்பர் பேண்டும்தான். கடைக்காரர்களிடம் பேசி, பிரித்தே வாங்குகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த நேரத்துக்குப் போனால் நல்லது? மேலூர், சோழவந்தான் பக்கத்து அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள்.