மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை அன்றாட வாகனமாக நம்பலாமா? (புதுக்குடியிருப்பு – கிளிநொச்சி)

புதுக்குடியிருப்பு வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுக்குடியிருப்பில் வசிக்கிறேன்; கிளிநொச்சியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். ஏ35 வீதியால் உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம், பரந்தன் கடந்து அலுவலகம் போய்த் திரும்ப நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஆகிறது. ஏழு வருடங்களாக மோட்டார் சைக்கிளிலேயே ஓடுகிறேன். மாரியில் நனைந்து, கோடையில் புழுதி குடித்து, முதுகுவலியும் வந்த பின்னர்தான் கார் வாங்குவதென்று வீட்டில் முடிவெடுத்தோம்.

வத்தளையில் இருக்கும் மச்சான் குடும்பத்தோடு வெளிநாடு செல்லவிருக்கிறார். அவரிடம் 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார், கையால் கியர் மாற்றும் வண்டி, ஒன்று இருக்கிறது. சிறு வயதிலிருந்தே நான் ஆசைப்பட்ட வண்டி அது என்பதை மறைக்க விரும்பவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்த பின்னரும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை. மச்சான் கேட்கும் தொகைக்கு வெளியில் ஒரு பழைய வேகன் ஆர்தான் கிடைக்கும். நான்கு கதவுகளும் நான்கு இருக்கைகளும் இருப்பதால் மனைவி, நான்கு வயது மகள், அம்மா எல்லோரும் போகலாம் என்று நினைக்கிறேன். அம்மாவை மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் வேறு கார் இல்லை. இது ஒன்றுதான் இருக்கும். இந்த வண்டியை வன்னியில் நாளாந்தம் ஓட்டியவர்கள் அல்லது திருத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பண்டாரிகுளம் (வவுனியா):

தம்பி, நான் இதே வண்டியை மூன்று வருடங்கள் எனது ஒரே வாகனமாக வைத்திருந்து, போன வருடம்தான் விற்றேன். விற்ற அன்று மனம் கனத்தது. ஆகவே வண்டியில் வெறுப்பு கொண்டு எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஓமந்தை தாண்டிப் புளியங்குளம் வரை விடியற்காலையில் அதை ஓட்டிய சுகத்தை வேறெந்த வண்டியும் எனக்குத் தந்ததில்லை.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது அதன் இயந்திரம். அதில் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 654 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அறைக்குள் சுற்றுகின்றன. ஆவணத்தில் 1308 சீசீ என்று இருப்பதைப் பார்த்து, சிறிய இயந்திரம், பெற்றோல் குறைவாகத்தான் குடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எனது வண்டி ஏ9 வீதியில் நிதானமாகப் போனால் லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர் தந்தது; வவுனியா நகருக்குள் ஆறுக்கும் கீழே இறங்கியது. உங்களுடைய ஓட்டம் மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு 1,760 கிலோமீற்றர். சராசரியாக லீற்றருக்கு ஏழு என்று கொண்டால் 250 லீற்றருக்கு மேல் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்த்தாலும் மாதம் 75,000 ரூபா பெற்றோலுக்கு மாத்திரம் போகும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு முதலில் வாரத்துக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்; அந்த 20 லீற்றரில் இந்த வண்டி உங்களை இரண்டு நாட்கள்கூட வேலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திராது.

அடுத்தது ஒயில். இந்த இயந்திரம் ஒயிலை எரிப்பது பழுதினால் அல்ல. சுழலியின் முனைகளில் இருக்கும் சீல்கள் தேயாமல் இருப்பதற்காக ஒரு சிறு பம்ப் வேண்டுமென்றே ஒயிலை எரியறைக்குள் விடுகிறது. எனவே இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவையாவது ஒயில் மட்டம் பார்க்க வேண்டும். வண்டியின் பின்பெட்டியில் ஒரு லீற்றர் ஒயில் இல்லாமல் நான் ஒருநாளும் யாழ்ப்பாணம் போனதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இப்போது சொல்கிறேன். குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை ஸ்ராட் செய்து, வண்டியைச் சற்று நகர்த்திவிட்டு உடனே நிறுத்தக் கூடாது. ஒருநாள் மத்தியானம், வெயில் படுகிறதே என்று வண்டியைப் படலையடியிலிருந்து வேப்பமர நிழலுக்கு, கூடிப்போனால் பத்து மீற்றர், நகர்த்தி நிறுத்தினேன். மாலையில் திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றுகிறது, இயந்திரம் பிடிக்கவில்லை. பின்பக்கம் பச்சைப் பெற்றோல் மணம் அடித்தது. எரியாத பெற்றோல் பிளக்குகளை நனைத்துவிட்டது. அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சுற்றினால் பெற்றோல் விநியோகம் நின்று அறை காயும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. பற்றறி இறங்கும் வரை முயன்று, கடைசியில் பிளக்குகளைக் கழற்றிக் காயவைத்துப் பூட்டும்போது இரவு ஒன்பது மணி. வைத்தியசாலைக்கு அம்மாவை ஏற்ற வேண்டிய நேரத்தில் இது நடந்தால் என்ன செய்வீர்கள் என்பதை யோசியுங்கள்.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. பின்கதவுகள் பின்னோக்கித் திறப்பவை. முன்கதவைத் திறக்காமல் அவற்றைத் திறக்க இயலாது. இருக்கை மிகவும் தாழ்வு. எனது மாமியார் அதிலிருந்து இறங்குவது, முழங்கால் வலியோடு பாயிலிருந்து எழும்புவது போலவே இருந்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டார்.

திருவையாறு கராஜ் (கிளிநொச்சி):

பண்டாரிகுளம் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. திருத்துபவன் என்ற நிலையிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்த இயந்திரத்தின் நிலையைச் சாதாரணக் கொம்பிறெஷன் மானியால் (எரியறைக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது) அறிய முடியாது. ஒரு சுழலிக்கு மூன்று முகங்கள் இருப்பதால், மூன்றையும் தனித்தனியே காட்டும் பிரத்தியேகக் கருவி வேண்டும். எங்கள் மானி மூன்றிலும் கூடியதை மட்டும் காட்டி, கெட்டுப்போன முகத்தை மறைத்துவிடும். நிமிடத்துக்கு 250 சுற்றில் அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ இருந்தால் புதிய இயந்திரத்துக்குச் சமம், 6.9க்குக் கீழே இறங்கினால் இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதுதான். அந்தக் கருவி என்னிடம் இல்லை. ஆகவே மச்சானிடம் காசு கொடுப்பதற்கு முன்னரே கொழும்பில் இந்த இயந்திரத்தோடு பழகிய ஓர் இடத்தில் சோதித்து, ஆறு முகங்களின் அளவையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: வண்டியை அரை மணித்தியாலம் ஓட்டி நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள், பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்ராட் செய்யுங்கள். குளிரில் உடனே பிடித்து, சூட்டில் நீண்டநேரம் சுற்ற வைத்தால் சீல்கள் தேய்ந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெப்பமானியையும் நம்ப வேண்டாம். அந்த முள் இயந்திரம் சூடேறிய பின் நடுவிலேயே நிற்கும். அது மேலே ஏறுவதைக் கண்டு நிறுத்தும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எங்களுடைய கோடையில் கிறவல் வீதிப் புழுதியும், அறுவடைக் காலத்தில் நெற்சுனையும் றேடியேற்றரின் முகத்தை அடைத்துக்கொள்ளும். இவ்வருடம் ஒரு காரின் றேடியேற்றரைக் கழற்றியபோது, வைக்கோல் தூசியும் பூச்சிகளும் சேர்ந்து பாய் பின்னியதுபோல் ஒட்டியிருந்தன. சாதாரண இயந்திரம் இதைக் கொஞ்சம் பொறுக்கும், இது பொறுக்காது. பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இக்னிஷன் கொயில்கள் நான்கையும் கெடுவதற்கு முன்பே மாற்றுங்கள். அவை பலவீனமானால் எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள் போய் அதையும் எரித்துவிடும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே ஒஸ்ரின் ஏ40 காரையும் மொறிஸ் மைனரையும் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களிடம்தான் நான் தொழில் பழகினேன். அந்தக் கார்கள் பழுதே வராதவை அல்ல; நாள்தோறும் பழுதுபட்டன. ஆனால் வீதியோரத்தில், கையில் இருக்கும் சாவிகளைக் கொண்டு அவற்றைத் திருத்த முடிந்தது. வாகனத்தை நம்பலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால், அது எத்தனை தரம் பழுதாகும் என்பதைவிட, பழுதானால் அதை அறிந்த கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்தக் கை 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

மாங்குளம் 86:

ஒரு சிறு மறுப்பு. சிக்கல் ஆர்எக்ஸ்-8இன் இயந்திரத்தில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற வகையிலேயே இருப்பதாக வாசிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. நான் ரொயோட்டா 86 ஓட்டுகிறேன். இரண்டு லீற்றர், பிஸ்டன் இயந்திரம். மூன்று வருடமாக நாளும் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய் வருகிறேன், ஒரு தடவையும் வீதியில் நிற்கவில்லை. தரையிலிருந்து அடிப்பாகம் 130 மில்லிமீற்றர் என்பதால் காப்பெற் வீதியில் கவலையில்லை. ஆனால் உள்வீதிகளில் மதகு ஏறும் இடத்திலும் புகையிரதக் கடவையிலும் சரித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. இரவில் ஏ9இல் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளைக் கண்டு சடுதியாக நிறுத்த வேண்டி வந்தபோதெல்லாம் இதன் பிறேக்குக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நான் தனி ஆள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னிருக்கையில் எனது பையைத் தவிர எதுவும் இருந்ததில்லை.

முள்ளியவளை ஆசிரியை:

வணக்கம் தம்பி. நான் ஹொண்டா சீஆர்-இசட் காரில் ஐந்து வருடமாகப் பாடசாலைக்குப் போகிறேன். 1.5 லீற்றர் இயந்திரத்தோடு மின்மோட்டார் துணை செய்யும் ஹைபிறிட் வண்டி இது. ஆறு கியர் கையால் மாற்றுவது. ஆர்எக்ஸ்-8இன் வேகம் இதற்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நகரத்துக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டப்படியான உச்ச வேகம் என்றிருக்கும் எங்கள் வீதிகளில், வளைவில் வண்டி சொன்னபடி கேட்பதும் கியர் கைக்கு இதமாக விழுவதுமே எனக்கு மகிழ்ச்சியைத் தருகின்றன. லீற்றருக்கு 16 கிலோமீற்றர் கிடைக்கிறது. ரயர் 195/55, 16 அங்குலம். எந்தக் கடையிலும் எடுக்கலாம். மச்சானின் வண்டியில் 18 அங்குல ரயர் போட்டிருந்தால், இரவில் ஒரு குழிக்குள் விழுந்து வெடித்த பிறகு அந்த அளவை முல்லைத்தீவில் தேடிப் பாருங்கள், சிரமம் விளங்கும்.

குறையையும் சொல்ல வேண்டும். பின்னிருக்கையில் சிறு பிள்ளை இருக்கலாம். பெரியவர் இருக்க இயலாது. ஹைபிறிட் பற்றறி பின்பெட்டியின் தரைக்கு அடியில் இருப்பதால் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரு மாவட்டங்களும் மூழ்கியதை நாங்கள் எல்லோரும் கண்டோம். அதனால் மாரி மழை தொடர்ந்து பெய்தால் நான் வண்டியை மேட்டிலுள்ள அண்ணா வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போவேன்.

உங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மா ஏறி இறங்க வேண்டும். உங்களுக்கு என்னுடைய காரும் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

புதுக்குடியிருப்பு வாசி:

பதில் எழுதிய அண்ணாமாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. பண்டாரிகுளம் அண்ணா சொன்ன பெற்றோல் கணக்கை மனைவியோடு இருந்து மீண்டும் போட்டுப் பார்த்தேன். எனது சம்பளத்தில் அது தாங்காது. ஆசை ஒரு பக்கம் இருந்தாலும், அம்மாவைப் பாயிலிருந்து எழும்புவது போல ஒவ்வொரு மாதமும் எழும்ப வைக்க என்னால் முடியாது.

நேற்று மச்சானோடு கதைத்தேன். அவர் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார்: கடந்த ஒரு வருடமாக, வண்டி சூடாக இருக்கும்போது கடைக்குப் போனால் இயந்திரத்தை நிறுத்தாமல் மனைவியை வண்டிக்குள் இருத்திவிட்டுத்தான் இறங்குவாராம். திருவையாறு அண்ணா சொன்ன சோதனை இதற்குள்ளேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வண்டியின் நிலையைச் சொல்லி, இந்த இயந்திரத்தை அறிந்த ஒருவருக்கே விற்கும்படி மச்சானிடம் கேட்டிருக்கிறேன்.

கிளிநொச்சியில் ஒரு 2015 வேகன் ஆர் விற்பனைக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதைத் திருவையாற்றுக்குக் கொண்டுவந்தால் அண்ணா ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா? அம்மாவையும் ஏற்றிக்கொண்டுதான் வருவேன்.

திருவையாறு கராஜ் (கிளிநொச்சி):

வாருங்கள் தம்பி. இயந்திரத்தை முதல்நாள் இரவே நிறுத்திக் குளிர விட்டுவிடும்படி விற்பவரிடம் சொல்லுங்கள்; அந்த வண்டியை நான் குளிரிலேயே ஸ்ராட் செய்து பார்க்க வேண்டும்.