நூல் கட்டிய மாத்திரைப் பரிசோதனை நம்ம பக்கம் உண்டுங்களா?

எங்க ஐயனுக்கு 63 வயது, ஊர் கோபி பக்கம். பத்து வருடமாக நெஞ்செரிச்சல், ராத்திரி படுத்தால் புளித்த தண்ணி தொண்டைக்கு ஏறும், பீடி வேறு. பான்டோப்ரசோல் 40 போட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். விழுங்கச் சிரமமில்லை, எடையும் குறையவில்லை. பாரெட் மாற்றம் (அமிலம் ஏறி ஏறி உணவுக்குழாயின் உள்தோல் மாறுவது, பின்னால் புற்றுநோய் ஆகலாம்) இருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோபி எழுதினார்கள். மார்கழியில் ஈரோட்டில் குழாயைக் கையாலேயே பிடுங்கிவிட்டார், தையில் கோவையில் மயக்க ஊசி என்றதும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார் (பாம்பையே கையில் பிடிக்கிற மனுசன்!).

கேம்பிரிட்ஜில் உருவாக்கிய சைட்டோஸ்பாஞ்ச் என்ற பரிசோதனையில் விழுங்கிய நூல் கட்டிய மாத்திரை வயிற்றில் கரைந்து பஞ்சாக விரியும், சில நிமிடம் கழித்து நூலை இழுத்தால் உணவுக்குழாய் செல்கள் ஒட்டி வரும், அதைச் சோதிப்பார்களாம். அதில் ஏதாவது தெரிந்தால் எண்டோஸ்கோபி எப்படியும் வேண்டும், சரி, அப்போது சம்மதிப்பார்.

கோவை, ஈரோடு, திருப்பூரில் இதை எங்காவது செய்கிறார்களா?