புதுப்பிப்பு: மறதிநோயுள்ள தந்தையை மனநல மருத்துவர் பார்த்த பிறகு

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின், ஏற்கெனவே மறதிநோயுள்ள என் தந்தை இரவில் ஊசிக்குழாயைப் பிடுங்கியதையும், அதற்காக அவருடைய கைகளைக் கட்டிலோடு கட்டியதையும் எழுதி, மனநல மருத்துவரை அழைக்கலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி வற்புறுத்தினோம். அவர் வந்து பார்த்தார்.

மறதிநோய் முற்றிவிட்டதாக வார்டில் சொன்னதை அவர் ஏற்கவில்லை. மெல்ல வளரும் நோய் ஓரிரு நாளில் இப்படித் தாவாது என்றும், பகலில் தெளிவும் இரவில் குழப்பமுமாக மாறி மாறி வருவது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் என்றும், அதற்கான காரணத்தை உடலில்தான் தேட வேண்டும் என்றும் விளக்கினார். மலச்சிக்கலும் சிறுநீர்த் தேக்கமும் இருந்தன. இவ்விரண்டையும் குழப்பத்தையும் கூட்டக்கூடிய ஒவ்வாமையைக் குறைக்கும் மருந்தை ஊசியாகத் தூக்கத்துக்காகப் போட்டிருந்தார்கள் (ஏன் என்று யாரும் சொல்லவில்லை). அதை நிறுத்தினார்.

ஹாலோபெரிடால் (கிளர்ச்சியை அடக்கத் தரப்படும் ஆன்டிசைகாட்டிக் வகை மனநல மருந்து) பற்றிக் கேட்டவர்களுக்கு: அவர் அதை எழுதவில்லை. மறதிநோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தை இவ்வகை மருந்துகள் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய மருந்துகளுக்கு 2005-இலும், பழையவற்றுக்கு 2008-இலும் எச்சரிக்கை விடுத்தது. மூளையில் லூயி உடல்கள் எனும் புரதத் திரள்கள் சேரும் வகை மறதிநோயில் இம்மருந்துகளால் கடுமையான உடல் இறுக்கமும் வரலாம். ஆபத்தான நிலையில் மட்டும், மிகக் குறைந்த அளவில், சில நாட்களுக்கே தரலாம் என்பது அவர் கருத்து.

கண்ணாடியும் செவிக்கருவியும் திரும்பக் கிடைத்தன, கட்டை அவிழ்த்துவிட்டார்கள், இரவில் அண்ணன் உடனிருக்கிறார். குழப்பம் குறைந்திருக்கிறது, ஆனால் முழுமையாகத் தீரவில்லை. அதற்கு வாரங்கள் ஆகலாம் என்பதால், வீடு திரும்பிய பின் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.