ஏடிஹெச்டி பாடத்துக்கு உதாரணங்கள் தேவை, உதவுங்கள்

வணக்கம். அறிமுக உளவியல் மாணவர்கள், துறுதுறுவென்று ஓடும் 4 வயதுக் குழந்தையைப் பற்றிப் படித்ததுமே ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) என்று எழுதிவிடுகிறார்கள். மனநலக் கோளாறுகளைக் கண்டறியப் பயன்படும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 கேட்பது அதுவல்ல. கவனக்குறைவு, மிகைத்துடிப்பு என்ற இரண்டு பட்டியல்களில் ஒன்றிலாவது 6 அறிகுறிகள் (17 வயதிலிருந்து 5), வயதுக்குப் பொருந்தாத அளவில், 6 மாதமாவது நீடிக்க வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது தென்பட வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் மட்டும் சிக்கல் என்றால் காது, கண், தூக்கம், வாசிப்புச் சிரமம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டுமே!

ஒரே நடத்தை 4 வயதில் இயல்பு, 9 வயதில் கவலைக்குரியது என்று காட்டும் ஐந்தாறு வரிக் கற்பனை விவரிப்புகள் இருந்தால் பகிருங்கள். வயது, எத்தனை மாதமாக, எங்கெங்கே என்பது கட்டாயம் வேண்டும். சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்தபடி பாதிக் கணக்கோடு நிறுத்திவிடும் குழந்தையைப் பற்றி இருந்தால் இன்னும் நல்லது. அவர்களைத்தான் எளிதில் தவறவிடுகிறோம்.