மாற்றியது இரண்டு வரி, கிட் காட்டுவது 1,300 வரி. அவசரம்!

புதுநிரலன்: வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பழைய ஃபைல் ஒன்றில் ஒரு பக்கைச் சரிசெய்தேன், தொட்டது மொத்தமே இரண்டு வரி. அதைச் சேர்க்கச் சொல்லி புல் ரெக்வெஸ்ட் போட்டால், கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் 1,300 வரி மாறியதாகக் காட்டுகிறது. ரிவ்யூ செய்யும் அண்ணன் "இதை யார் படிப்பது?" என்று திருப்பிவிட்டார். மதியத்துக்குள் முடிக்க வேண்டும், சத்தியமாக வேறெதையும் நான் தொடவில்லை.

கடைசிபெஞ்ச்: எந்த மொழி, எந்த எடிட்டர், விண்டோஸா லினக்ஸா? ஜாதகம் தராமல் பொருத்தம் பார்க்கச் சொன்னால் எப்படி?

பென்குயின்தாசன்: கேட்கவே வேண்டாம், விண்டோஸ்தான். அங்கே வரி முடிவில் இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. எடிட்டர் அதை மாற்றி எழுதினால் ஒவ்வொரு வரியும் மாறியதாகத்தான் கிட் காட்டும்.

புதுநிரலன்: பைத்தான், விஎஸ் கோட். லினக்ஸ்தான்.

பென்குயின்தாசன்: ஓ.

மூத்தநிரலர்: மாற்றத்தைக் கமிட்டாகப் பதியுமுன், என்ன மாறியது என்று கிட் டிஃப்பில் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு தம்பி. பைத்தான் கோடை எப்படி எழுதுவது என்று சொல்லும் பெப் 8 வந்தது 2001-இல். அதைப் படித்துவிட்டு வந்து கேட்டிருக்கலாம்.

கடைசிபெஞ்ச்: அதே பெப் 8-தான் ஃபைலுக்குள் ஒரே மாதிரி இருப்பதே முக்கியம் என்கிறது. ஐயா அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை போல.

மல்லிகா_டெவ்: கிட் டிஃப்போடு மைனஸ் டபிள்யூ சேர்த்து ஓட்டுங்கள், வெறும் இடைவெளி மாற்றங்கள் மறைந்துவிடும். அப்புறமும் குறையவில்லை என்றால் மாறிய வரிகள் எப்படி இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

புதுநிரலன்: அப்படியும் 900 வருகிறது. ஒற்றை மேற்கோள் எல்லாம் இரட்டையாகிவிட்டது. நீளமான வரிகள் நாலைந்தாக மடங்கி, கடைசியில் கமா முளைத்திருக்கிறது.

மல்லிகா_டெவ்: அது பைத்தான் கோடைத் தானாக ஒரே வடிவில் அடுக்கும் பிளாக் ஃபார்மட்டர் செய்த வேலை. ஃபைலைச் சேவ் செய்தாலே ஃபார்மட் ஆகும்படி உங்கள் எடிட்டரில் அமைப்பு இருக்கும், அதை அணையுங்கள். மெயின் கிளையிலிருந்து பழைய ஃபைலை எடுத்துவந்து அந்த இரண்டு வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள். ஃபைலை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று அணி ஒத்துக்கொண்டால் அதைத் தனி கமிட்டாகப் போட்டு, எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் அந்தக் கமிட்டை ஒதுக்கும்படி பட்டியலில் சேர்த்துவிடலாம், கிட் 2.23 முதல் அந்த வசதி இருக்கிறது. இல்லையென்றால் அஞ்சு வருஷம் கழித்தும் எல்லா வரியிலும் உங்கள் பெயர்தான் நிற்கும்.

மூத்தநிரலர்: வரிக்கு 88 எழுத்து என்று பிளாக் வைத்திருப்பது ஒரு கணக்கா? பெப் 8 சொல்லும் 79-ஐத் தாண்டினால் கோடே இல்லை.

கடைசிபெஞ்ச்: அந்த 79-க்குப் பின்னால் இருக்கும் 80, ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளையட்டையின் அகலம். லினக்ஸ் கெர்னலிலேயே 2020-இல் எச்சரிக்கை வரம்பை 100 ஆக்கிவிட்டார்கள்.

மூத்தநிரலர்: திரையில் இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுண்டா நீங்கள்?

பென்குயின்தாசன்: வரியின் தொடக்கத்தில் இடைவெளிக்குப் பதில் டேப் போட்டால் இந்தச் சண்டையே வராது.

மல்லிகா_டெவ்: டேப்பை யாரும் இழுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் ஆபீஸில் பிளாக் அழகாக அடுக்கிவைத்த ஃபைல் ஒன்று இருக்கிறது, அதில் மாறிகளின் பெயர் டேட்டா1, டேட்டா2, டேட்டா2_புதுசு. 79-ஆக இருந்தால் என்ன, 88-ஆக இருந்தால் என்ன, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புதுநிரலன்: சேவ் அமைப்புதான் காரணம். இப்போது டிஃப்பில் இரண்டே வரி, நன்றி அக்கா. அண்ணன் அந்த இரண்டு வரியையும் படித்துவிட்டு, 'டெம்ப்' என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார்.